சிவப்புப் பொட்டு வைத்த தோட்டா

குண்டு வெடித்த சத்தம் காதிலிருந்து இறங்குவதற்குள் காலித் தோட்டா காணாமல் போய்விட்டது.

“எங்க போச்சு?” என்று கேட்டார் வில்மா யானெக்.

“என்கிட்ட சொல்லிட்டா போகுது, வார்டன்?” என்றான் பிக்கெட். “துப்பாக்கி துப்பிச்சு. சுவத்துல மோதி டிங்குன்னுச்சு. அப்புறம் ஆளைக் காணோம். என் முதல் பொண்டாட்டியும் இப்படித்தான் போனா.”

வில்மா சிரிக்கவில்லை. அவருக்கு அறுபத்தொரு வயது. முப்பது வருஷம் டெக்ஸாஸ் காடுகளில் வேட்டை வார்டனாக இருந்து, திருட்டுத்தனமாக மான் சுட்டவர்களைத் துரத்திப் பிடித்தவர். ஓய்வு பெற்றபின் செயின்ட் லட்மிலா என்ற சின்ன ஊரில், பேக்கரிக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருந்தார். ஹார்லன் பிக்கெட் அவருடைய ஒரே உதவியாளன். முன்னாள் ரோடியோ கோமாளி. காளை மேலிருந்து விழுந்தவனைக் காளை குத்தாமல் இருக்க, குறுக்கே ஓடி வேடிக்கை காட்டுவது அவன் பழைய தொழில். இடுப்பெலும்பு இரண்டு தடவை முறிந்தபின் காளைகளுக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தான். முறியாமல் மிச்சமிருந்தது வாய் மட்டும்தான்.

இருவரும் நவிடாட் ஆற்றுப் படுகையில், ஒரு பலகைப் பரணுக்குள் முழங்காலும் முழங்காலும் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நாலு கால் நட்டு, எட்டடி உயரத்தில் ஏற்றி வைத்த மரப்பெட்டி. நாலடிக்கு ஆறடி. மூன்று பக்கமும் துப்பாக்கி நீட்ட ஒரு சாண் உயரத்தில் சன்னல். பின்பக்கம் ஏணியும் கதவும். தரையில் சாயம் போன கம்பளம். கூரை மூலையில் சிவப்புக் குளவிக்கூடு ஒன்று. நவம்பர் மாத வாடைக்காற்றில் குளவிகள் விறைத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. பிக்கெட் பாதிக் கண்ணை அங்கேயே வைத்திருந்தான்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இதே பரணில்தான் டெல்பர்ட் கோவார் உட்கார்ந்திருந்தான். தீவன மில்லில் மூட்டை ஏற்றுகிறவன், சாது. நிலம் எமில் டோப்ராவா என்ற கிழவருடையது. ஒரு ராத்திரி காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கினால் மறுநாள் காலையில் சோளக் கொல்லை உழுது போட்ட மாதிரி கிடக்கும். அதனால் எமில், டெல்பர்ட்டுக்குத் தாராளமாக அனுமதி கொடுத்திருந்தார்: பன்றி எத்தனை வேண்டுமானாலும், வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு மான்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் இருவருக்கும் சண்டை. டெல்பர்ட்டின் துப்பாக்கி சின்னக் குண்டு போடுகிற ரைஃபிள். ஒரு தடவை விசையை இழுத்தால் ஒரு குண்டு. காலியை வெளியே தள்ளிவிட்டு அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். பன்றிக் கூட்டத்துக்கு அதைப்போல் வசதி வேறில்லை. “அந்த எறும்புக்கடியை வெச்சு மானைச் சுடறது பாவம்டா” என்பார் எமில். “குண்டு பெருசா இருந்து என்ன, சரியான குண்டு சரியான எடத்துல படணும்” என்பான் டெல்பர்ட். சர்ச் முடிந்ததும் வாராவாரம் நடக்கும் இந்தச் சண்டையைக் கேட்பதற்காகவே சில பேர் காபியோடு காத்திருப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை டெல்பர்ட் ஒரு பன்றியை ஒரு தடவை சுட்டான். அது புதருக்குள் ஓடியது. டார்ச்சோடு இறங்கித் தேடியவன், மிருகங்களை இழுக்கச் சோளம் தூவும் டிரம்முக்குப் பின்னால், புதர் மறைவில் எமில் நெஞ்சில் குண்டு பாய்ந்து கிடப்பதைக் கண்டான். ஷெரிஃபுக்குப் போன் செய்ததும் அவனேதான். “நான் எமிலைக் கொன்னுட்டேன்” என்று அழுதான்.

அதை அவன் இன்னும் நம்பிக்கொண்டிருந்தான் என்பதுதான் கேஸில் பெரிய சிக்கல்.

வேகமாகப் போகிற சின்னக் குண்டு உடம்புக்குள் சுக்குநூறாகிவிட்டதால், எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லை. ஆனால் பரணுக்கு வெளியே, வலதுபக்கப் புல்லில் ஒரு காலித் தோட்டா கிடைத்தது. டெல்பர்ட்டின் துப்பாக்கியில் வெடித்ததுதான் என்று பரிசோதனை சொன்னது. காசு வாங்காமல் கேஸை எடுத்த வக்கீல் மெரிட் கால்டர், அரசு வக்கீலோடு பேசி ஒரு வழி செய்திருந்தார்: குற்றத்தை ஒப்புக்கொண்டால் எட்டு வருஷம். மறுத்தால் ஜூரி, இருபதும் ஆகலாம். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு நீதிபதி முன்னால் டெல்பர்ட் கையெழுத்துப் போடவேண்டும்.

அவன் மனைவி நொரீன் நேற்றுத்தான் வில்மாவின் மாடிப்படி ஏறி வந்தாள்.

“ஷெரிஃப் ஆளுங்க ஒண்ணை யோசிக்கல” என்றார் வில்மா. “துப்பாக்கி மூக்கு மட்டும்தான் சன்னலுக்கு வெளிய நீட்டும். காலி வெளிய வர்ற ஓட்டை பெட்டிக்குள்ளதான் இருக்கும். வலது பக்கம் பறந்தா பலகைல மோதி உள்ளயே விழணும். வெளிய புல்லுக்கு எப்படிப் போச்சு?”

“ரெக்கை முளைச்சிருக்கும்.”

“இல்லே யாராவது கொண்டுபோய்ப் போட்டிருக்கணும். அப்போ டெல்பர்ட் சுட்ட நிஜக் காலி எங்க?”

“அதைத்தான் பரணை அலசிப் பார்த்தாங்களே. உள்ள ஒண்ணும் இல்லேன்னு எழுதி வெச்சிருக்காங்க.”

“நம்மளுதும் இப்ப காணோமே. அதனால அவங்க பொய் சொல்லல.” வில்மா வலியுள்ள முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சாய்ந்து, கன்னத்தைத் தரையில் பதித்தார். “ரெண்டாவதைச் சுடு. இந்தத் தடவை நான் பின்னாலயே போறேன்.”

டெல்பர்ட்டினுடையதைப் போன்ற ஒரு இரவல் துப்பாக்கியோடு, வில்மா அவனிடம் மொத்தம் இரண்டு தோட்டாதான் கொடுத்திருந்தார். மூன்று கொடுத்தால் மூன்றாவதை எங்கே சுடுவான் என்று அவருக்குத் தெரியாது. பிக்கெட் எதிர்மண்மேட்டைக் குறிபார்த்து விசையை இழுத்தான்.

காலி பறந்தது. வலதுபக்கப் பலகையில் மோதியது. கம்பளத்தில் விழுந்து, நிற்காமல் உருண்டது. பரணின் ஒரு கால் மண்ணில் இறங்கியிருந்தது. தரை ஒரு பக்கம் சாய்வு. அந்தச் சாய்வில் அவசரமில்லாமல் உருண்டு, இடதுபக்கப் பின்மூலையில் கம்பளத்தின் ஓரத்தில் நுழைந்து மறைந்தது.

“அம்மாடி” என்றான் பிக்கெட். “வீட்டுக்கு வழி தெரிஞ்ச பசு மாதிரி போகுது!”

கம்பளத்தைக் கிழித்தார்கள். கீழே தரைப்பலகை உளுத்து ஒரு கையளவு ஓட்டை. இரண்டு பலகைக்கு நடுவே எலி கட்டிய கூடு: பஞ்சு, சோளத்தோல், யாரோ சாப்பிட்டுப் போட்ட மிட்டாய்க் காகிதம். நடுவில் மூன்று பித்தளைக் காலிகள். இரண்டு பளபளவென்று புதுசு, சூடு ஆறவில்லை. மூன்றாவது மங்கியது. வில்மா அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். நடுவில் நகப்பாலிஷால் வைத்த சின்னச் சிவப்புப் பொட்டு.

“கெடைச்சிருச்சு!” என்று பரண் அதிரக் கத்தினான் பிக்கெட்.

“இப்ப பாரு” என்று வில்மா சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். ஷெரிஃப் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு பாப்பி விதை வைத்த கொலாச்சே பன் ஒரு டஜன் கொடுத்து வாங்கிய நகல். புல்லில் கிடைத்த காலியின் அடிப்பக்கம். அதிலும் பொட்டு. ஆனால் நீலம்.

“டெல்பர்ட் காலியை வீசறதில்ல. யாரோ ஒரு சிநேகிதன்கிட்ட டின்ல கொண்டுபோய்க் கொடுத்து, திரும்ப மருந்து நிரப்பி வாங்கிட்டு வருவான்னு நொரீன் சொன்னாளே. சிவப்புப் பொட்டு மானுக்கும் பன்னிக்கும். உள்ள போனா மலர்ற கனமான குண்டு. நீலம் அட்டையைச் சுட்டுப் பழகறதுக்கு. நீலத்தை எடுத்துட்டு எந்த மடையனும் பன்னி முன்னாடி உட்கார மாட்டான்.”

“அப்போ நீலத்தைப் போட்டவன்…”

“டெல்பர்ட்டோட காலி யார் கைல புழங்குதோ, அவன்.”

“யாரு அந்த சிநேகிதன்?”

“நொரீனுக்குத் தெரியாது. டெல்பர்ட்டைக் கேட்கலாம்னா, யார்கிட்டயும் வாய் திறக்காதேன்னு அவன் வக்கீல் பூட்டு போட்டு வெச்சிருக்கார்.”

அந்த நேரம் பார்த்து, அவர்களுக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு தாழ்ப்பாள் விழுந்தது.

கிறீச். டக்.

பிக்கெட் கதவில் கை வைத்தான். அசையவில்லை. கீழே ஏணி பலகையை உரசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. சன்னலில் முகத்தை அழுத்தினான். ஒரு சாண் இடுக்கில் மூக்குக்கு மேல் போகவில்லை. பின்பக்கத்தில் சன்னலே இல்லை.

“யாருய்யா அது? ஆள் உள்ள இருக்கோம்!”

ஓக் மரங்களுக்குள் வாடைக்காற்று மட்டும் ஊளையிட்டது.

தோளால் கதவை இடித்தான். மறுபடி இடித்தான். கதவு திறக்கவில்லை, பரண்தான் மொத்தமாக ஒரு பக்கம் ஆடிச் சாய்ந்து, ஐயோ என்று முனகித் திரும்பி வந்தது.

“நிறுத்துடா!” என்றார் வில்மா. “அந்தப் பக்கத்துக் கால் இத்துப் போயிருக்கு. இன்னொரு இடி இடிச்சே, நம்மளை மண்வெட்டில அள்ளணும்.”

மணி பன்னிரண்டரை. ஆற்றுப் படுகையில் போனுக்கு உயிர் கிடையாது. இரண்டு போனும் ஒரு கோடுகூடக் காட்டவில்லை. எமிலின் வீடு மூன்று மைல் தள்ளி. கத்திக் கத்திப் பிக்கெட்டின் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

ஒரு மணி ஆயிற்று. இரண்டு ஆயிற்று. தெற்குப் பக்கம் வெயில் விழ, தகரக்கூரை சூடேறியது. பெட்டிக்குள் வெப்பம் ஏறிற்று. கூட்டின் மேல் ஒரு குளவி ஒரு காலை நீட்டியது. பிறகு இன்னொன்று.

பிக்கெட் மூலையில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தான். அவன் பேசாமல் இருப்பது வில்மாவுக்குக் குளவியைவிடக் கவலையாக இருந்தது.

“என்னடா?”

“ஒண்ணுமில்ல.” சட்டைக்கையால் முகத்தைத் துடைத்தான். “கோமாளிக்கு ஒளிஞ்சுக்க ஒரு பீப்பா வைப்பாங்க தெரியுமா? ஒரு தடவை லுல்லிங் ஊர்ல, காளை அந்தப் பீப்பாவைத் தூக்கி வேலி மூலைல சொருகிடுச்சு. தலைகீழா உள்ள நான். இருபது நிமிஷம். வெளிய ஜனம் கை தட்டுது, நான் வித்தை காட்றேன்னு நெனச்சு. உள்ள மூச்சு வரல, வார்டன். அன்னிலேர்ந்து லிஃப்ட்ல கூட ஏறறதில்ல.”

வில்மா அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். ஜெயில் அறையில் ஐந்து மணிக்காகக் காத்திருக்கிறவனுக்கும் சுவர் இப்படித்தான் நெருங்கி வரும் என்று பிக்கெட்டுக்குத் தோன்றியது.

மூன்றே முக்காலுக்கு ஹாரன் கேட்டது.

பாம், பாம், பாம் என்று உற்சாகமாக அடித்துக்கொண்டு ஒரு வெள்ளைப் பிக்அப் வண்டி வந்து நின்றது. இறங்கியவர் சாம்பல் நிறக் கோட்டும், துடைத்த பூட்ஸும், டையுமாக இருந்தார்.

“மிஸ் வில்மா! பிக்கெட்! அடக் கடவுளே, இங்கயா இருக்கீங்க?”

வக்கீல் மெரிட் கால்டர். மார்ச் மாதத் தேர்தலில் கவுண்டி நீதிபதி பதவிக்கு நிற்கிறவர். ஊரில் கைகுலுக்காத ஆள் பாக்கியில்லை.

பிக்கெட்டுக்கு உயிர் வந்தது. “வக்கீல் சார்! உங்க கால்ல விழறேன், முதல்ல கதவைத் தொறங்க!”

“காலைல போனவங்க இன்னும் வரலேன்னு நொரீன் அழுதா, ஓடி வந்தேன்.” கால்டர் பரணைச் சுற்றி வந்து அண்ணாந்து பார்த்தார். “ஏணியைக் காணோமே. யாரு இந்த வேலை செஞ்சது? சரி, முதல்ல சொல்லுங்க, ஏதாவது கெடைச்சுதா?”

“கெடைச்சுது” என்றார் வில்மா, சன்னல் வழியாக. “டெல்பர்ட் அன்னிக்குச் சுட்ட காலி. இங்க உள்ளயே இருந்துச்சு.”

“பிரமாதம்! அப்போ நேரம் கடத்தாதீங்க. மணி நாலாகப் போவுது, கோர்ட்டுக்கு நாப்பது நிமிஷம். உங்களை இறக்க ஏணி தேடிட்டு இருந்தா ஐஞ்சு மணி தாண்டிடும். அதை என்கிட்ட போடுங்க. நான் போய்க் கையெழுத்தை நிறுத்தறேன். போற வழியில உங்களுக்கு ஆள் அனுப்பறேன்.”

நியாயமாகத்தான் இருந்தது. பிக்கெட் திரும்பி, “போட்டுடுங்க வார்டன், கோட்டு போட்ட தேவதூதன் வந்திருக்கார்” என்றான்.

வில்மா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு விரலிடுக்கில் ஒரு காலியை எடுத்துச் சன்னல் வழியே போட்டார். பித்தளை வெயிலில் மின்னிக்கொண்டு போயிற்று. கால்டர் அதைக் காற்றிலேயே பிடித்தார். கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டிக் கவிழ்த்து, அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

“இது இல்ல, மிஸ் வில்மா. அவசரத்துல மாத்திப் போட்டுட்டீங்க. சிவப்புப் பொட்டு வெச்சது எங்க?”

பொட்டைப் பற்றி வில்மா அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

“வேட்டைன்னாலே உங்களுக்கு ஆகாதுன்னு சொன்னாங்களே, மெரிட்” என்றார் வில்மா நிதானமாக. “துப்பாக்கியைத் தொட்டு இருபது வருஷம் ஆச்சாமே.”

“ஆமா. அதுக்கென்ன? டெல்பர்ட் சொன்னான். என் கட்சிக்காரன் என்கிட்ட சொல்ல மாட்டானா?”

“சொல்லியிருப்பான். அவன் சிவப்பைத்தான் சுட்டான்னு உங்களுக்குத் தெரியும். ஷெரிஃப் கைல இருக்கிறது நீலம், அதுவும் உங்க ஃபைல்ல இருக்கு. இந்த ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் கோர்ட்ல ஒரு சத்தம் போட்டிருந்தா அவன் அன்னிக்கே வீட்டுக்குப் போயிருப்பான். மூணு வாரமா வாயை மூடிட்டு, எட்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றீங்க. ஏன்?”

கால்டர் காலித் தோட்டாவைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். முகத்திலிருந்து தேர்தல் சிரிப்பு மெதுவாகக் கழன்று விழுந்தது.

“அடப் பாவி” என்றான் பிக்கெட். “அந்த மருந்து நிரப்பற சிநேகிதன்…”

“கராஜ்ல ஒரு சின்ன மெஷின் வெச்சிருக்கேன், பிக்கெட். அமைதியான பொழுதுபோக்கு.” குரலில் கோபமே இல்லை. “கொலராடோல ஒரு மான் விஷயத்துல என் வேட்டை லைசன்ஸ் போச்சு. நீதிபதியாகப் போறவனுக்கு அது வெளிய தெரியக்கூடாது. டெல்பர்ட் நல்லவன், ரகசியம் காப்பாத்தினான். ஆனா எமிலோட நிலத்துல பன்னெண்டு கிளைக் கொம்பு வெச்ச ஒரு மான் இருந்துச்சு. அதை நீங்க பார்த்திருக்கணும், மிஸ் வில்மா. பார்த்தா யாருக்கும் கை சும்மா இருக்காது.”

“அதைச் சுட வந்தீங்க. எமில் பார்த்துட்டார்.”

“நான் சுடவே இல்ல. துப்பாக்கியோட நிக்கும்போதே வந்துட்டார். வீட்டுக்குப் போய் ஷெரிஃபைக் கூப்பிடப் போறேன்னார். எவ்வளவோ கெஞ்சினேன். அந்தக் கிழவருக்கு இரக்கமே கிடையாது. அப்பதான் டெல்பர்ட் பன்னியைச் சுட்ட சத்தம் கேட்டுச்சு…” சற்று நிறுத்தினார். “மறுநிமிஷம் நானும் சுட்டேன். டெல்பர்ட் பழகிட்டுக் கொடுத்த காலியெல்லாம் அன்னிக்கு என் பைலதான் இருந்துச்சு. அவன் இறங்கிப் பன்னியைத் தேடப் போனதும், இந்தப் பக்கமா வந்து ஒண்ணைப் போட்டேன். நீலம் சிவப்பு பார்க்க நேரமில்ல.”

பிக்கெட் துப்பாக்கியைச் சன்னலில் நீட்டினான். “கையைத் தூக்குய்யா!”

கால்டர் சிரித்தார். “அது காலி. உள் இரும்பு பின்னால போய் நிக்குது, இங்கேர்ந்தே தெரியுது. ரெண்டு சுட்டே, தாழ்ப்பாள் போடறதுக்கு முன்னாடியே நான் எண்ணிட்டேன்.” அவர் ஓரமாகக் குவிந்திருந்த காய்ந்த சீடர் மரக் கிளைகளை இழுத்துவர ஆரம்பித்தார். ஒவ்வொன்றாகப் பரணின் அடியில் போட்டார். “குளிருக்கு ஹீட்டர் பத்த வெச்சாங்க, பரண் பிடிச்சுக்கிச்சுன்னு சொல்வாங்க. எல்லா வருஷமும் எங்கயாவது நடக்கறதுதான்.”

பிக்கெட்டைச் சுற்றிச் சுவர்கள் நாலும் உள்ளே நகர்ந்தன. ஒரு குளவி அவன் காதோரம் ரீங்கரித்துப் போனது. “வார்டன், ஏதாவது யோசிங்க. மணி நாலேகால். அங்க டெல்பர்ட் கையெழுத்துப் போட்டுடுவான், இங்க நாம வடகம் ஆயிடுவோம்.”

“எப்படிப் போடுவான்? பக்கத்துல யார் நிக்கணும்?”

“வக்கீல் நிக்கணும்.”

“வக்கீல் எங்க?”

பிக்கெட் கீழே பார்த்தான். கோட்டில் முள் மாட்டிக்கொண்டு விறகு பொறுக்கிக்கொண்டிருந்தார். “நமக்குக் கீழ.”

“இங்கேர்ந்து நாப்பது நிமிஷம். இன்னும் அஞ்சு நிமிஷம் அவனைப் பிடிச்சு வெச்சா, இன்னிக்குக் கையெழுத்து கிடையாது” என்றார் வில்மா. “மாட்டிக்கிட்டது நாம இல்லடா. அவன்தான். அது அவனுக்குத் தெரியறதுக்குள்ள இந்தப் பெட்டியை விட்டு எறங்கணும். அந்தப் பீப்பாவுக்குள்ள விழுந்தா எப்படி விழணும்?”

பிக்கெட்டுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். “வேண்டாம் வார்டன்.”

“எப்படி விழணும்?”

“…முதுகைச் சுவத்துல ஒட்டிக்கணும். தாடையை நெஞ்சுல புதைக்கணும். கையை வெளிய நீட்டக் கூடாது. கண்ணை மூடக் கூடாது.”

“சரி. அந்த இத்துப்போன கால் பக்கம். மூணு எண்ணு.”

இருவரும் எதிர்ச்சுவரில் முதுகை வைத்தார்கள். ஒன்று. ஓடி அந்தச் சுவரில் மோதினார்கள், பரண் முனகியது. திரும்பி வந்து, இரண்டு. கீழே கால்டர், “ஏய், என்ன பண்றீங்க?” என்று கத்துவது கேட்டது. குளவிகள் மொத்தமாக எழுந்தன. கழுத்தில் ஒரு நெருப்பு, நெற்றியில் ஒரு நெருப்பு.

“மூணு!” என்று பிக்கெட் அலறினான்.

படார் என்று கால் முறிந்தது. வானம் ஒரு சன்னலிலிருந்து இன்னொரு சன்னலுக்குத் தாவியது. பிக்கெட் வில்மாவை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தாடையைப் புதைத்தான். பெட்டி சாய்ந்து, மண்ணில் இறங்கி, ஒரு தடவை எகிறி, நின்றது. தூசி. குளவி. அப்புறம் பலகை பிளந்த இடத்தில் ஆகாயம்.

அவன்தான் முதலில் வெளியே வந்தான். கால்டர் ஓடப் பார்த்திருக்கிறார். ஆனால் அவரே குவித்த சீடர் கிளைகளில் பூட்ஸ் சிக்கிக்கொண்டது. பரணின் கால் ஒன்று அவர் முழங்காலுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. கைக்கு எட்டாத தூரத்தில் தீப்பெட்டி.

“என்னை எடுத்து விடு” என்றார் கால்டர், பல்லைக் கடித்துக்கொண்டு. “பிக்கெட், கால் போச்சு. எடுத்து விடுய்யா.”

“எடுப்போம் சார்.” பிக்கெட் அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஒரு கண் குளவி கொட்டி மூடியிருந்தது. “முதல்ல உங்க பிக்அப் சாவி. அப்புறம் உங்க போன். அப்புறம் மேட்டுக்குப் போய் ஆம்புலன்ஸ். ஐஞ்சு மணிக்கு வேற ஏதும் வேலை இல்லையே?”

வில்மா இடதுகையை மார்போடு பிடித்துக்கொண்டு தவழ்ந்து வந்தார். மணிக்கட்டு முறிந்திருந்தது. மறுகையை விரித்தார். சிவப்புப் பொட்டு பத்திரமாக இருந்தது.

கோர்ட்டில் டெல்பர்ட்டை நாலரைக்கே கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். ஐந்து அடித்தது. ஐந்தேகால் ஆயிற்று. வக்கீலைக் காணோம். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். டெல்பர்ட்டைத் திரும்ப ஜெயிலுக்கு அழைத்துப் போனார்கள்.

ஏழு மணிக்கு ஷெரிஃப், வில்மாவையும் பிக்கெட்டையும் அவனிடம் அழைத்து வந்தார். வில்மாவின் கையில் கட்டு. பிக்கெட்டின் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. வில்மா நடந்ததை முதலிலிருந்து சொன்னார்.

டெல்பர்ட் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். “இல்ல, மேடம். மெரிட் என் சிநேகிதன். நான்தான் சுட்டேன். சத்தம்கூட எனக்கு ஞாபகம் இருக்கு.”

“நீ சுட்டது பன்னியை. சிநேகிதன் சுட்டது எமிலை. அவன் வாயாலயே சொல்லிட்டான், ஷெரிஃப் எழுதி வாங்கிட்டார்.”

“அடுத்தடுத்து ரெண்டு சத்தம்…” டெல்பர்ட் நெற்றியைத் தேய்த்தான். “ஆத்துல எதிரொலிக்குதுன்னு நெனச்சேன். மூணு வாரமா அதை எதிரொலின்னுதான் நெனச்சுட்டு இருந்தேன்.”

அவன் விடுதலை எப்போது என்று கேட்கவில்லை. நொரீன் எங்கே என்றும் கேட்கவில்லை. “ஒரு போன் பண்ணலாமா?” என்றான்.

ஷெரிஃப் தலையசைத்தார். தாழ்வாரத்துப் போனில் அவன் ஒரு எண்ணை அழுத்தினான். எமிலின் மனைவி ஆக்னெஸ். இந்த ஜெயிலுக்கு வந்த இரண்டாம் நாளே அவளுக்கு மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் எழுதியிருந்தான். அவளும் பதில் போட்டிருந்தாள், இரண்டே வரி. உன்னை மன்னித்துவிட்டேன், டெல்பர்ட். தூங்கு. அந்தக் காகிதத்தை அவன் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். மடித்த இடத்தில் கிழிந்துகொண்டிருந்தது.

“மிஸ் ஆக்னெஸ்… நான் டெல்பர்ட்.” மூச்சு வாங்கினான். “மிஸ் ஆக்னெஸ், அது நான் இல்லையாம்.”

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிழக்குரல் ஏதோ சொன்னது. பிக்கெட்டுக்கு வார்த்தை கேட்கவில்லை. டெல்பர்ட் சுவரில் முதுகை உரசிக்கொண்டே இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“சரிங்க… ஞாயித்துக்கிழமை… வரேன். நொரீனையும் கூட்டிட்டு வரேன்” என்றான். “நான்தான் அவரைக் கொன்னதா நெனச்சு, அவருக்காக அழக்கூட எனக்கு உரிமையில்லேன்னு இருந்துட்டேன்.”

சொல்லிவிட்டு, ரிஸீவரைக் காதிலிருந்து எடுக்காமலே, எமிலுக்காக முதல் தடவையாக வாய்விட்டு அழுதான். யாரும் அவனை எழுப்பவில்லை.